படிகாரம் கட்டிய துறைமுகம்

இங்கிலாந்து தேசத்தில் எந்த ஊரில் குடியிருப்பவரானாலும் ஏறக்குறைய எழுபது மைல் பிரயாணம் செய்தால் சமுத்திரத்தைப் பார்த்துவிடலாம் என்பதனாலும், வருஷத்தில் பெரும்பகுதியை மேகமூட்டத்தின் கீழே கழிக்கிற அந்நாட்டு ஜனங்களுக்கு நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாள் வீணாக்கக் கூடாத செல்வமாகையாலும், கோடைகாலத்துச் சனிக்கிழமை விடிந்தவுடன் அடுப்பு, போர்வை, குழந்தை, நாய் சகிதமாக வண்டியேறிக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டுவிடுவது அங்கே ஒரு குலாசாரமாகவே நிலைத்துவிட்டது. காலையில் போய் இரவில் திரும்புகிற இந்த யாத்திரைக்கு க்ஷேத்திரம் உண்டு, தீர்த்தம் உண்டு, பிரசாதமும் உண்டு. பிரசாதம் என்பது பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்.

இதற்கென்றே ஏற்பட்ட வாகனந்தான் கேம்பர் வேன். இரண்டு கண் அடுப்பு ஒன்று, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, மடித்தால் ஆசனமாகவும் விரித்தால் கட்டிலாகவும் மாறுகிற ஒரு மெத்தை, இவ்வளவையும் ஒரு சாமான் வண்டிக்குள் அடக்கிவிட்டால் அதுதான் கேம்பர் வேன். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947ஆம் வருஷத்தில் தம் குறிப்புப் புத்தகத்தில் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து பிறந்து, 1950இல் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்த வோக்ஸ்வாகன் வண்டியையே இதன் மூலபுருஷனாகச் சொல்வது வழக்கம். மறுவருஷமே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் கட்டிலும் அலமாரியும் பொருத்திக் கொடுக்கத் தொடங்கியது என்பது வாஸ்தவந்தான். ஆயினும் வம்சாவளியை இன்னும் சற்றுப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கடற்படையில் வைத்தியராக இருந்து, பிறகு சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885இல் ‘வாண்டரர்’ என்று நாமகரணம் செய்து ஒரு வீட்டு வண்டியைக் கட்டுவித்து, அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்திலுள்ள இன்வர்னெஸ் வரை போனார். வண்டி கனம், சாலைகளோ குறுகல், ஆகையால் அவருடைய வேலைக்காரன் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் முன்னே போய் வழி பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். ரோமானி நாடோடிகள் வயிற்றுப்பாட்டுக்காக வாழ்ந்த வாழ்க்கையை வசதி படைத்த ஒருவர் விநோதத்துக்காக வாழ்ந்து பார்த்ததுதான் இந்த வாகனத்தின் பூர்வ கதை. ஒருவர் பிழைப்புக்குச் செய்ததை இன்னொருவர் பொழுதுபோக்குக்குச் செய்கிற இந்த விசித்திரம், நாங்கள் போன ஊரிலும் அடிக்கு அடி எதிர்ப்பட்டது.

யார்க் நகரத்தில் வசிக்கும் சிநேகிதர் ஒருவரின் வேனில், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, நாங்கள் சிலர் போன ஊர் விட்பி. யார்க்‌ஷயர்ச் சீமையின் கீழ்க்கரையில், வட கடலைப் பார்த்தபடி, எஸ்க் என்னும் சிறு நதியின் முகத்துவாரத்தில் அது இருக்கிறது. பிக்கரிங் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை மேலேறி, கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத ஒரு மேட்டுநிலத்தின் குறுக்கே போகிறது. ஆகஸ்டு மாதமானால் ஹெதர் என்னும் குறுஞ்செடி பூத்து அந்த நிலம் முழுவதும் கத்தரிப்பூ நிறமாகிவிடும். இயற்கையின் லீலை என்று வியக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது, வெண்கலக் காலத்து மனிதர்கள் தொடங்கி அதை வெட்டினார்கள், பின்னால் வந்த நிலப்பிரபுக்கள், வேட்டைப் பறவைகளுக்கு இளந்தளிர் வேண்டுமென்று, முறைவைத்துச் செடிகளைக் கொளுத்தி அந்த வெட்டவெளியைக் காப்பாற்றி வந்தார்கள். நாம் ஜன்னல் வழியே ரசிக்கிற வனாந்தரம் மனிதன் செய்த பண்டந்தான்.

மேடு முடிந்து சாலை சரியத் தொடங்குகிற இடத்தில் கடல் தெரிகிறது. இருபுறமும் செங்குத்தான பாறைக்கரை, நடுவில் நதி, கீழ்க்கரைப் பாறையின் உச்சியில் கூரையிழந்த பழைய மடாலயம், அதன் அடிவாரத்திலிருந்து நீர்விளிம்பு வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற சிவப்பு ஓட்டு வீடுகள், கப்பல் வரும்போது திறந்து வழிவிடுகிற பாலம். படம் எழுதுகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரை விட்டபாடில்லை. மீனவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அற்புதமாகப் படம் பிடித்த ஃபிராங்க் மெடோ சட்க்ளிஃப் இந்த ஊரிலேயே கடை வைத்திருந்தவர். ஆனால் அவருடைய படங்களில் ஒரு குறை உண்டு. எந்தப் படத்திலும் வாசனை வராது. இந்த ஊர் அழகாவதற்கு முன்னால் ஏறக்குறைய முந்நூறு வருஷங்கள் நாற்றமெடுத்துக் கிடந்த ஊர் என்பதும், அந்த நாற்றத்தினால்தான் இது ஊராயிற்று என்பதும் வேனில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1540ஆம் வருஷத்து வாக்கில் விட்பியில் இருந்தவை இருபது முப்பது வீடுகள். மடாலயத்தை எட்டாம் ஹென்றி அப்போதுதான் கலைத்திருந்தான். மீன் பிடிப்பதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அதை உயர்த்திய வஸ்து படிகாரம். நம் ஊரில் நாவிதர் பெட்டியிலும், கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் குடத்திலும், திருஷ்டி கழிக்கும் சடங்கிலும் மட்டுமே பலர் பார்த்திருக்கிற இந்த வெள்ளைக் கட்டி, ஒரு காலத்தில் ராஜ்யங்களின் பொக்கிஷத்தையே அசைக்கக் கூடியதாக இருந்தது. துணியில் சாயம் நிலைத்துப் பிடிப்பதற்குப் படிகாரம் வேண்டும். சாயவேரைக் கொண்டு சிவப்பேற்றிய சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களுக்கு இது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். ஐரோப்பாவுக்கு வேண்டிய படிகாரம் முதலில் துருக்கியர் வசமிருந்த தேசங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியில் தோல்ஃபா என்னுமிடத்தில் படிகாரப் பாறை அகப்பட்டபின் போப்பாண்டவருக்கு அது ஏகபோகமாயிற்று. ஹென்றி மன்னன் போப்பாண்டவரோடு பகைத்துக்கொண்டான்; கம்பளி நெசவையே நம்பியிருந்த அவன் தேசமோ சாயத்துக்கு அவர் தயவை எதிர்பார்த்து நின்றது. இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரமாகத்தான், 17ஆம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், யார்க்‌ஷயர்க் கரையோரத்துக் கரும்பலகைப் பாறையிலிருந்து படிகாரம் எடுக்கும் தொழில் தொடங்கிற்று.

எடுத்த விதத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். முதலில் கடலோரத்துப் பாறைமுகத்தை மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வெட்டிச் சரித்தார்கள். ஒரு டன் படிகாரத்துக்கு ஐம்பது முதல் நூறு டன் வரை பாறை வேண்டியிருந்தது. அந்தப் பாறைத் துண்டுகளைச் சுள்ளிகளின்மேல் மலைபோல் குவித்துத் தீ மூட்டிவிட்டால் அந்தக் குவியல் எரிந்துகொண்டே இருக்கும். ஒன்பது மாதம் எரிந்ததும் உண்டு. கந்தகப் புகை ஊரைச் சூழும். வெந்த பாறையைத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊறவைத்துச் சத்தை இறக்கி, அந்த நீரை வாய்க்கால் வழியே விட்டுக் கொதிசாலைக்குக் கொண்டுபோய், ஈயத் தொட்டிகளில் நிலக்கரி எரித்துச் சுண்டக் காய்ச்சினார்கள். அதன்பின் அதில் ஒரு காரப் பொருள் சேர வேண்டும். கடற்பாசியை எரித்த சாம்பல் அதற்கு உதவும். அதைவிட மலிவாகக் கிடைத்தது மனிதருடைய சிறுநீர். சுற்றுப்புறக் கிராமங்களில் வீட்டு வாசலில் பாத்திரம் வைத்துச் சேகரித்ததெல்லாம் போதவில்லை. ஹல், நியூகாஸில் முதலிய பட்டணங்களிலிருந்தும், ஏன், லண்டன் மாநகரத்திலிருந்துமே பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். படிகாரத்தை ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போன கப்பல், தலைநகரத்து ஜனங்களின் சிறுநீரை ஏற்றிக்கொண்டு திரும்பிற்று. வர்த்தக சாஸ்திரத்தில் இதைவிட நேர்மையான பண்டமாற்று இருந்ததாக எனக்குத் தெரியாது.

கடைசிக் கட்டந்தான் மிகவும் நுட்பமானது. அதிகமாகக் காய்ச்சினால் அன்னபேதி முதலிய வேறு உப்புக்கள் கலந்துவிடும். குறைவாகக் காய்ச்சினால் படிகம் இறங்காது. ரசாயன சாஸ்திரம் அறியாத அந்த வேலைக்காரர்கள், அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவள் பதம் பார்ப்பது போல, ஒரு கோழிமுட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முட்டை அடியில் கிடந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மிதந்ததென்றால் இறக்கி ஆறவிட வேண்டியதுதான். நூற்றுக்கணக்கான டன் பாறையும் மாதக்கணக்கான நெருப்பும் ஒரு முட்டையின் தீர்ப்புக்குக் காத்திருந்தன.

விட்பிக்கு வடக்கே சாண்ட்ஸெண்ட் என்ற கிராமத்தில் வேனை நிறுத்தினோம். இந்த வண்டிகளுக்கு ஒரு கஷ்டம், கூரை உயரமாக இருப்பதால் குறுக்குக் கம்பி போட்ட வண்டிப்பேட்டைகளில் நுழைய முடியாது; ஊருக்குள் இடம் தேடித் தேடி அலுத்துத்தான் இந்தப் பக்கம் வந்தோம். வந்ததும் நல்லதாயிற்று. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையின்மேல் நடக்கப் பாதை இருக்கிறது. அங்கே புல்லும் சரியாக முளைக்காத, செங்கல் நிறத்துச் சரளை மேடுகளைப் பார்க்கலாம். வெந்த பாறையின் கழிவு அது. “என்ன ஸார், செவ்வாய்க் கிரகத்தில் இறங்கின மாதிரி இருக்கிறதே, பேஷான இடம்!” என்று எங்களில் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். குதிரைலாடம் போல் உள்வாங்கி வளைந்திருக்கிற அந்தப் பாறைமுகங்கள் கடல் அரித்தவை அல்ல, மண்வெட்டி அரித்தவை.

அரித்ததற்குப் பலனும் உண்டாயிற்று. இன்னும் சற்று வடக்கே கெட்டில்நெஸ் என்னுமிடத்தில் 1829ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு, பாறைக்கரை முழுவதும் நழுவி, படிகாரச் சாலையோடும் கிராமத்து வீடுகளோடும் கடலுக்குள் சரிந்துவிட்டது. நழுவல் மெதுவாக நடந்ததால் ஜனங்கள் தப்பினார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டது, படிகாரம் ஏற்ற வந்து கரைக்கு அப்பால் நின்றிருந்த ஒரு கப்பல். சாலையை மறுபடியும் கட்டித் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1845இல் பீட்டர் ஸ்பென்ஸ் என்பவர் படிகாரம் செய்ய வேறு மலிவான வழி கண்டு உரிமை பெற்றபின்தான் இத்தொழில் தேய்ந்து, 1871இல் அடியோடு நின்றது.

படிகாரத்தைக் காய்ச்சுவதற்கு நிலக்கரி வேண்டும் என்றேன். அந்தக் கரி விட்பியில் இல்லை. வடக்கே டைன் நதிக்கரையிலிருந்து வர வேண்டும். கரி கொண்டுவரக் கப்பல்கள் வேண்டியிருந்தன. கப்பல்கள் வந்தபின் அவற்றைக் கட்டும் துறைகள் எஸ்க் நதிக்கரையில் தோன்றின. கட்டத் தெரிந்தபின் தங்கள் படிகாரச் சாலைக்கு மட்டுமின்றி லண்டன் நகரத்து அடுப்புக்களுக்கும் கரி ஏற்றத் தொடங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கப்பல் கட்டுவதில் லண்டனுக்கும் நியூகாஸிலுக்கும் அடுத்த ஸ்தானம் இந்தச் சிறு ஊருக்குக் கிடைத்திருந்தது. இங்கே கட்டிய கரிக்கப்பல்கள் பார்வைக்கு லக்ஷணமானவை அல்ல. அகன்ற முகம், பருத்த வயிறு, தட்டையான அடி. வேலை அப்படி. துறையில்லாத மணற்கரைகளில் ஓதம் வடியும்போது தரைதட்டி நின்று, சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த ஓதத்தில் மிதந்து போக வேண்டிய கப்பலுக்குக் கூரிய அடிப்பாகம் ஆகாது.

1746இல் ஜான் வாக்கர் என்ற க்வேக்கர் மதத்துக் கப்பல் முதலாளியிடம் தொழில் பழக ஒரு பையன் வந்து சேர்ந்தான். பக்கத்து ஸ்டெய்த்ஸ் கிராமத்தில் ஒரு கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்துச் சலித்துப்போன விவசாயக் கூலியின் மகன். பெயர் ஜேம்ஸ் குக். கிரேப் லேன் என்னும் சந்தில் இருக்கும் வாக்கருடைய வீட்டு மேல்மச்சில் மற்றப் பையன்களோடு படுத்துறங்கி, கப்பல் கரையில் நிற்கும் மாரிக்காலங்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணிதமும் நௌகா சாஸ்திரமும் படித்தான். அந்த வீடு இன்று காட்சிசாலை. இருபது வருஷங்களுக்குப் பின், ராஜாங்கக் கடற்படையார் பசிபிக் சமுத்திரத்துக்கு அனுப்ப ஒரு கப்பல் தேடியபோது, படைக்கப்பல்களையெல்லாம் விட்டுவிட்டு, 1764இல் தாமஸ் ஃபிஷ்பர்ன் விட்பியில் கட்டிய ‘எர்ல் ஆஃப் பெம்புரோக்’ என்னும் கரிக்கப்பலை விலைக்கு வாங்கி, அதற்கு ‘எண்டெவர்’ என்று புதுப் பெயரிட்டு, குக்கிடம் ஒப்புவித்தார்கள். 1770 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரைக்கு அருகில் அது பவழப் பாறையில் மோதிப் பிளந்தது. கூரிய அடிப்பாகம் கொண்ட கப்பலாயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கரிக்கப்பலின் தட்டை வயிறு இருந்ததால் ஒரு நதிமுகத்தில் கரையேற்றிச் சாய்த்து வைத்துச் செப்பனிட்டு, ஏறக்குறைய ஏழு வாரங்களுக்குப் பிறகு மறுபடியும் பாய்விரித்தார்கள். அப்பயணத்தின் பலனாகத் தங்கள் பூமியை இழந்த ஆதிக்குடிகளுக்கு அந்தத் தட்டை வயிறு ஒரு துரதிர்ஷ்டமே. மேற்குப் பாறையின்மேல் வெண்கலச் சிலையாக நிற்கும் குக்கைக் கும்பல் கும்பலாக நின்று படம் பிடிப்பவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சிலைக்கு அருகே திமிங்கிலத்தின் தாடையெலும்புகள் இரண்டைத் தோரணம் போல் நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் நடுவே மடாலயம் சரியாக வந்து பொருந்துமாறு நின்றுகொண்டு படம் எடுத்துக்கொள்வது விட்பிக்கு வருகிறவர்களின் நித்திய கர்மா. 1753இலிருந்து 1837 வரை இவ்வூர்க் கப்பல்கள் கிரீன்லாந்துப் பனிக்கடலுக்குப் போய்த் திமிங்கில வேட்டையாடின. கொழுப்பை நதிக்கரையில் கொப்பரைகளில் உருக்கினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் யாருக்காவது மூக்கு அவஸ்தை. அந்த எண்ணெயினால் தெருவிளக்கு எரிந்தது. வாயிலுள்ள செதில் கனவான்களின் குடைக்கும் அவர்கள் மனைவிமாரின் இடைக்கச்சுக்கும் கம்பியாயிற்று. பாய்மரத்தின் உச்சியில் ஒரு பீப்பாயைக் கட்டி, வேவு பார்க்கிறவன் குளிரில் விறைக்காமல் அதற்குள் நின்றுகொள்ளும்படி செய்த யுக்தி வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்னும் விட்பிக் கப்பல் தலைவருடையது. அதே பெயருள்ள அவருடைய மகன் தகப்பனோடு பனிக்கடலில் அலைந்தவன். பனித்துகள்களின் வடிவங்களை வரைந்து வைத்து, 1820இல் வடதுருவப் பிரதேசத்தைப் பற்றி இரண்டு பாகங்களில் நூல் வெளியிட்டு, பிறகு பாதிரியாகிவிட்டான். வேட்டைக்காரர் வீட்டில் இப்படியொரு பிள்ளை பிறப்பதும் உண்டு.

மேலே மடாலயத்துக்குப் போக 199 படிகள். நம் ஊர் மலைக்கோயில்களில் ஏறிப் பழகிய கால்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் இடையிடையே பலகை ஆசனங்களோடு அகன்ற படிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். களைத்த உல்லாசப் பிரயாணிகளுக்காக ஏற்பட்டவை என்று தோன்றும். பிரேதப் பெட்டியைச் சுமந்து ஏறுகிறவர்கள் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காக ஏற்பட்டவை அவை. மேலே இருக்கும் புனித மேரி ஆலயத்துக்குள் நுழைந்தால் கப்பலுக்குள் இறங்கினாற் போன்ற பிரமை உண்டாகும். மாடங்களும் அடைப்புக்களும் நெருங்கி நிற்கின்றன. கட்டியவர்கள் கப்பல் தச்சர்களே என்று சொல்கிறார்கள். மூன்று தட்டுள்ள பிரசங்க மேடையின் பின்னால் இரண்டு நீண்ட குழாய்கள் தொங்குகின்றன. காது மந்தமான குருபத்தினி ஒருத்திக்கு, கீழே அமர்ந்தபடியே கணவரின் பிரசங்கம் கேட்பதற்காகச் செய்த ஏற்பாடாம். தப்பித்துக்கொள்ள இருந்த ஒரே வழியும் அந்த அம்மாளுக்கு அடைபட்டுப் போயிற்று.

மடாலயத்தைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 657இல் ஆஸ்வி என்ற நார்தம்பிரிய அரசன் காலத்தில் ஹில்டா என்னும் ராஜகுலத்துப் பெண் தலைவியாக இருந்து ஸ்தாபித்தது; ஆண்களும் பெண்களும் அவள் ஆக்ஞைக்குக் கட்டுப்பட்டு அங்கே தவம் செய்தார்கள். 664இல் ஈஸ்டர்த் திருநாளை எந்தக் கணக்குப்படி கொண்டாடுவது என்று அயர்லாந்துச் சம்பிரதாயக்காரர்களுக்கும் ரோமாபுரிச் சம்பிரதாயக்காரர்களுக்கும் அங்கே வாதம் நடந்து, ரோமாபுரிக் கட்சி ஜயித்தது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டு பண்டிகை கொண்டாடுகிற நமக்கு அந்த வாதத்தின் உக்கிரம் புரியாமல் போகாது. அங்கே மாடு மேய்த்த கேட்மன் என்பவன், விருந்தில் யாழ் தன் கைக்கு வரும் முறை நெருங்கினால் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுகிற சங்கோசி. அவன் ஒரு நாள் கனவில் கட்டளை பெற்றுப் பாடத் தொடங்கினான். மடைப்பள்ளியில் வேலை செய்த காளமேகம் அம்பிகையின் தாம்பூலத்தால் கவியான கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவன் அந்நியனல்லன். பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிகளில் அவனே முதல்வன்.

ஹில்டாவைப் பற்றிய மற்றொரு கதை, அவள் இந்தப் பாறையில் திரிந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கினாள் என்பது. ஊர் முத்திரையிலும் சுருண்ட பாம்புகள் மூன்று உண்டு. கடற்கரையில் உடைந்து விழும் பாறைக்குள் இன்றும் அவை அகப்படுகின்றன; சுருள் சுருளாக, விரலால் தடவினால் வரிவரியாக நெருடும். பல கோடி வருஷங்களுக்கு முந்திய அம்மொனைட் என்னும் கடற்பிராணியின் கல்லுருக்கள் இவை. நேபாளத்துக் கண்டகி நதியில் எடுத்து நம்மவர்கள் பட்டில் சுற்றிப் பூஜைப் பெட்டியில் வைத்திருக்கும் சாளக்கிராமமும் இந்த வர்க்கந்தான். அங்கே மகாவிஷ்ணுவின் சக்கரம். இங்கே சாபம் பெற்ற பாம்பு. விஞ்ஞானிகளும் தங்கள் பங்குக்கு ஓர் இனத்துக்கு ஹில்டாவின் பெயரையே சூட்டினார்கள். ‘பாம்பென்றால் தலை எங்கே’ என்று வந்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். ஆகையால் விட்பி வியாபாரிகள் அந்தக் கற்களில் தலை செதுக்கிக் கண்ணும் வைத்து விற்றார்கள்.

1861ஆம் வருஷம் பிப்ரவரி 9ஆம் தேதி அடித்த புயலில் இந்தத் துறைமுகத்துக்கு எதிரே கப்பல் கப்பலாகக் கரைதட்டிச் சிதைந்தன. ஊரார் உயிர்காப்புப் படகில் மறுபடி மறுபடி போய் மாலுமிகளைக் கரைசேர்த்தார்கள். களைப்பைப் பாராமல் மறுபடியும் ஒரு முறை போனபோது படகு கவிழ்ந்தது. கரையில் நின்ற பெண்டு பிள்ளைகளின் கண்முன்னே பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தப்பியவன் ஹென்றி ஃப்ரீமன். புதிதாக வந்திருந்த தக்கைச் சட்டையை அணிந்திருந்தவன் அவன் ஒருவனே. மற்றவர்கள் பழைய மாதிரிச் சட்டையையே அணிந்திருந்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் வின்ட்ஸர் அரண்மனையில் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் காலமானார். ஊராரின் சொந்தத் துக்கம் தராததை ராணியின் துக்கம் தந்தது. விட்பிப் பாறைகளுக்குள் ஜெட் என்னும் கறுப்புக் கல் ஒன்று கிடைக்கிறது. கல்லென்பது உபசாரம், சுமார் பதினெட்டுக் கோடி வருஷங்களுக்கு முன்னால் சேற்றில் புதைந்த மரம் அது. கையில் எடுத்தால் காகிதம் போல் லேசு, கல்லுக்குரிய குளிர்ச்சி இல்லை. கம்பளியில் தேய்த்துவிட்டுக் காட்டினால் காகிதத் துணுக்குகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். மெருகிடாத பீங்கானில் கோடு இழுத்தால் கறுப்புக்குப் பதில் பழுப்பு விழும். அசலையும் போலியையும் பிரிக்க வியாபாரிகள் இன்றும் இந்தச் சோதனையைத்தான் செய்து காட்டுகிறார்கள். ராணி வாழ்நாள் முழுவதும் துக்க உடை தரித்தாள். அரசவையில் ஜெட் நகைக்கே அனுமதி இருந்தது. ஆகவே சீமையில் விதவையான ஒவ்வொரு சீமாட்டிக்கும் கறுப்பு மாலையும் கறுப்புத் தோடும் தேவைப்பட்டன. 1832இல் இரண்டே பட்டறைகளில் இருபத்தைந்து பேர் செய்துகொண்டிருந்த வேலையை 1870களின் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் சிறுவருமாக ஏறக்குறைய 1,500 பேர் செய்தார்கள். பிறகு மலிவான கறுப்புக் கண்ணாடி வந்தது, துக்கம் கொண்டாடும் நாகரிகமும் மாறிற்று, பட்டறைகள் மூடப்பட்டன.

படிகாரம் போயிற்று, திமிங்கிலம் போயிற்று, மரக்கப்பல் போயிற்று, ஜெட்டும் போயிற்று. மிஞ்சிய தொழில், வருகிறவர்களுக்கு இவை கிடந்த இடத்தைக் காட்டுவது. அதற்கும் அஸ்திவாரம் முன்பே போட்டிருந்தார்கள். 1836இல் ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸன் பிக்கரிங்கிலிருந்து விட்பி வரை இருப்புப்பாதை அமைத்தார். முதலில் அதில் வண்டி இழுத்தது குதிரை. மரமும் கல்லும் மீனும் ஏற்றுவதே உத்தேசம். 1840களில் இந்தப் பாதையை வாங்கி நீராவி வண்டி விட்ட ஜார்ஜ் ஹட்ஸன், ரயில்வே ராஜா என்று பட்டம் பெற்றவர், மேற்குப் பாறையின்மேல் விருந்தாளிகளுக்காக வரிசை வரிசையாக மாளிகைகள் எழுப்பலானார். அவருடைய கணக்குப் புஸ்தகத்தின் தில்லுமுல்லு வெளிப்பட்டு 1849இல் அவர் வீழ்ந்தார். பிறை வடிவில் முழுமையாக வர வேண்டிய ராயல் கிரசன்ட் பாதிப் பிறையோடு இன்றும் நிற்கிறது.

அந்தப் பாதிப் பிறையில்தான் 1890ஆம் வருஷக் கோடையில் பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினார். ஊர் நூலகத்தில் வல்லேகியா, மோல்டேவியா தேசங்களைப் பற்றி வில்லியம் வில்கின்ஸன் எழுதிய நூலைப் புரட்டும்போது ‘டிராகுலா’ என்ற பெயர் அவர் கண்ணில் பட்டது. ஐந்து வருஷங்களுக்கு முன் ‘டிமிட்ரி’ என்ற ருஷியக் கப்பல் இங்கே கரைதட்டியதைக் கேள்விப்பட்டு, அதையும் பெயர் மாற்றித் தம் நாவலில் சேர்த்துக்கொண்டார். 1897இல் வெளியான அந்த நாவலினால் விட்பிக்கு வருகிற கூட்டம் குக்கினால் வருகிற கூட்டத்துக்குச் சளைத்ததல்ல. டிராகுலாவின் சமாதி எங்கே என்று ஓயாமல் கேட்கிறார்களென்று, அப்படியொரு சமாதி கிடையாது, தயவுசெய்து கேட்காதீர்கள் என்று ஆலயத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மெய்யான சமாதிகளிலோ எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் உதிர்ந்துவிட்டது. மழை மிகுந்த காலங்களில் பாறை சரிந்து, கீழே ஹென்ரியட்டா தெருப் பக்கம் எலும்புகளும் விழுந்திருக்கின்றன. அந்தத் தெருவில் 1872 முதல் ஒரு குடும்பத்தார் ஹெர்ரிங் மீனைக் கருவாலி மரத்தூள் புகையில் பதமிட்டு விற்று வருகிறார்கள். எங்கள் கூட்டத்திலிருந்த சைவர்கள் புளியோதரையைப் பிரித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அந்தக் கடைக்குள் போய்விட்டுப் புகைமணத்தோடு திரும்பினார்கள். இவ்வூரின் பழைய நாற்றங்களில் வாரிசுரிமையோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் இப்போது எல்லோரும் வாசனை என்கிறார்கள்.

அழகு விலைபோவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மீனவர் சந்துகளில் இருந்த சிறு வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கி விடுமுறைக்கு வாடகைக்கு விட, ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடியிருக்க வீடு அகப்படுவதில்லை. 2022 ஜூன் மாதம் நடந்த ஊர் வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே விற்க வேண்டுமென்று 93 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அந்தத் தீர்ப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது.

பூமியைத் தோண்டுகிற பழக்கமும் முற்றும் போய்விடவில்லை. ஊருக்குத் தெற்கே ஸ்னீட்டன் கிராமத்தருகில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பாலிஹேலைட் என்னும் உரத்தாது படிந்திருப்பதைக் கண்டு, 2017 முதல் அங்கே சுரங்கம் இறக்கி வருகிறார்கள். 2024க்குப் பிறகு வேலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அந்த மேட்டுநிலம் 1952 முதல் தேசியப் பூங்கா. ஆகையால் தோண்டுகிற தாது வெளியே தலைகாட்டாமல் 37 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழியாகவே டீஸ் நதிக்கரைத் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். சுரங்கவாயில் கோபுரங்களைத் தரைமட்டத்துக்குக் கீழே பதிக்க வேண்டும். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் குன்றுபோல் சரித்து மரம் நட வேண்டும். பாறையை வெளிப்படையாக வெட்டி, புகையை வெளிப்படையாக விட்ட படிகாரக்காரர்களுக்கு இந்த நிபந்தனைகளைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.